மாடியில் எதை வளர்ப்பது, சந்தையில் எதை வாங்குவது?

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு அடுப்படியில் நீங்களும் நானும் எதிர்வீட்டு மதினியும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் கேட்டீர்கள்: “அக்கா, சென்னையிலிருந்து இப்போதுதான் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறோம். வாடகை வீடுதான், ஆனால் மாடியில் பதினைந்து தொட்டி வைத்துக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். எதை வளர்த்தால் உபயோகம்? மற்றதைச் சந்தையில் எப்படிப் பார்த்து வாங்குவது? வாங்கியதை வாடாமல் எப்படி வைப்பது? ஒரு வெண்டைக்காய்ப் பொரியல்கூட உங்கள் வீட்டில் ருசிக்கிற மாதிரி என் வீட்டில் ருசிக்க மாட்டேன் என்கிறதே, ஏன்?” அன்றைக்கு அடுப்பில் வேலை இருந்ததால் துண்டுதுண்டாகத்தான் சொன்னேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. கைப்பக்குவம் என்பார்கள். எனக்கும் கைப்பக்குவத்தில் நம்பிக்கை உண்டு, ஆனால் வெண்டைக்காய்ப் பொரியலில் கைக்கு இருக்கிற வேலை கொஞ்சம்தான். அன்றைக்கு நீங்கள் சாப்பிட்ட வெண்டைக்காய் காலை ஆறரை மணிக்குச் செடியில் இருந்தது, பதினொரு மணிக்குச் சட்டியில் இருந்தது. பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது. அந்த மூச்சுக்குத் தனக்குள் இருக்கும் சர்க்கரையைத்தான் செலவழிக்கிறது. வேரிலிருந்து தண்ணீர் வருவது நின்றுபோனாலும், தோல் வழியாகத் தண்ணீர் வெளியே போவது நிற்காது. வெயில் ஏற ஏற இரண்டும் வேகமாக நடக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு கீரைக்கட்டு மத்தியானத்துக்குள் எப்படித் தொங்கிப்போகிறது என்று பார்த்திருப்பீர்கள். வெண்டைக்காய் அப்படி வெளியே காட்டிக்கொள்ளாது. ஆனால் உள்ளுக்குள் நார் ஏறும், இனிப்பு இறங்கும்.

அதனால் எந்தக் காயை எடுத்தாலும் நான் முதலில் யோசிப்பது, பறித்த பிறகு இது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத்தான். மணிக்கணக்கில் கெடுவதை மாடியில் வளர்க்கிறேன். இரண்டு மூன்று நாள் தாங்குவதைச் சந்தையில் வாங்குகிறேன். மாதக்கணக்கில் நிற்பதை அதது விளைந்து வரும் மாதத்தில் மொத்தமாக வாங்கி வைத்துவிடுகிறேன். பணத்தைக் கணக்குப் பார்த்தாலும் இது சரியாகத்தான் வருகிறது. பல்லாரியும் உருளைக்கிழங்கும் தொட்டியில் வளர்த்து யாரும் மிச்சம் பிடித்ததில்லை. (சென்னையில் பெரிய வெங்காயம் என்பதை இங்கே பல்லாரி என்பார்கள். கொத்தவரங்காய் சீனியவரைக்காய், வெள்ளைப் பூசணி தடியங்காய். இந்த மூன்றும் தெரிந்தால் சந்தையில் பாதிக் குழப்பம் தீரும்.)

சரி, தொட்டிக்கு வருவோம். முதல் இரண்டு தொட்டி கறிவேப்பிலைக்கு. கடையில் கொசுறாகவே கிடைக்கிறதே என்று தோன்றும். கொசுறாக வருவது பெரும்பாலும் எங்கோ தூரத்தில் விளைந்தது. கோயம்புத்தூர் பக்கம் காரமடை, மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் கறிவேப்பிலையைத் தனிப் பயிராகவே வளர்க்கிறார்கள். செங்காம்பு ரகம் அங்கே பெயர் பெற்றது. அது நல்ல இலைதான், ஆனால் லாரி ஏறி, கமிஷன் கடையில் இறங்கி, தண்ணீர் தெளித்துத் தெளித்து நம் பைக்கு வரும்போது வாசம் நன்றாக இறங்கியிருக்கும். எண்ணெய் காய்ந்த பிறகு மாடிக்குப் போய் ஒரு இணுக்கு ஒடித்து வந்து போட்டுப் பாருங்கள், அடுத்த வீட்டுக்கு வாசம் போகும். செடிக்கு நல்ல வெயில் வேண்டும், இரண்டடி ஆழமாவது மண் வேண்டும். இலையை உருவாதீர்கள்; இணுக்கோடு ஒடித்தால்தான் பக்கக்கிளை வெடிக்கும். சின்னதாய் இருக்கும்போது பறவை எச்சம் மாதிரியும் வளர்ந்ததும் பச்சையாகவும் ஒரு புழு வரும். எலுமிச்சைச் செடிக்கும் வருகிற பட்டாம்பூச்சிப் புழுதான் அது. இரண்டு செடிக்கு மருந்தெல்லாம் தேவையில்லை, கையால் எடுத்துப் போட்டால் போதும்.

அடுத்த ஐந்து தொட்டி கீரைக்கு. நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள். வீட்டில் வளர்ப்பதால் கீரைக்குக் கிடைக்கிற நன்மை வேறு எந்தக் காய்க்கும் இவ்வளவு கிடைக்காது. கீரைக்கு ஆழம் வேண்டாம், ஒரு சாண் மண் போதும், அகலம்தான் வேண்டும். பழைய பிளாஸ்டிக் டப்பைக்கூட அடியில் துளை போட்டு எடுத்துக்கொள்ளலாம். செம்மண், மட்கிய தொழு உரம், தேங்காய்நார்க் கழிவு மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். விதை கடுகைவிடச் சின்னது. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் குவிந்து விழும், அதனால் ஒரு பிடி மணலில் கலந்து தூவுங்கள். தூவிய அன்றே எறும்பு வந்து விதையை இழுத்துக்கொண்டு போகும். தொட்டி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போட்டுவிட்டால் எறும்பு அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். இது என் ஆச்சி சொல்லிக்கொடுத்தது, இன்றைக்கும் தப்பியதில்லை.

சிறுகீரை, முளைக்கீரை என்றால் இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி விதைக்க வேண்டும். அரைக்கீரை அப்படியில்லை. முப்பதாம் நாள் வாக்கில், அடியில் இரண்டு கணு விட்டு நறுக்கினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை நறுக்கலாம். அதனால் மூன்று தொட்டியில் அரைக்கீரையைப் பத்து நாள் இடைவெளி விட்டு விதையுங்கள், எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். ஒன்றில் சிறுகீரை. மீதி ஒன்றில் மணத்தக்காளி. அது ஒரு செடி இருந்தாலே குடும்பத்துக்குப் போதும். கீரையைச் சாயங்காலம் நறுக்கி ராத்திரி வைத்திருக்க வேண்டாம், காலையில் நறுக்கி அப்போதே அலசி அடுப்பில் ஏற்றுங்கள். மூடி போடாமல் வேகவையுங்கள், நிறம் நிற்கும். சந்தைக் கீரைக்குப் பூண்டும் மிளகாயும் தூக்கலாகப் போட வேண்டியிருக்கும். இந்தக் கீரைக்கு நாலு உள்ளியும் (சின்ன வெங்காயத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒரு மிளகாய் வத்தலும் போதும்.

மிளகாய் மூன்று தொட்டி. பச்சை மிளகாய் நாலு நாள் தாங்கும்தானே, ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். கடையில் வாங்குகிற காய்களில் பூச்சிமருந்து பற்றி நான் அதிகம் கவலைப்படுவது பச்சை மிளகாயிலும் கறிவேப்பிலையிலும்தான். இரண்டையும் தோல் உரிக்காமல் தினமும் சாப்பிடுகிறோம். மிளகாயில் உங்களுக்கு வரப்போகிற தொல்லை இலைச்சுருட்டல். இலை மேல்நோக்கிப் படகு மாதிரிச் சுருண்டால் அது இலைப்பேன் வேலை, கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

மீதி ஐந்து தொட்டியும் வெண்டைக்கு, தொட்டிக்கு இரண்டு செடி வீதம். விதைத்து நாற்பது நாளுக்குள் பூ வந்துவிடும், பூ விரிந்த ஐந்தாறு நாளில் காய் பறிக்கிற பதம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டாயம் பறிக்க வேண்டும். ஊருக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தால் காய் விறகாகி நிற்கும், செடியும் அடுத்த காய் வைக்கச் சோம்பும். பத்துச் செடியில் வாரத்துக்கு ஒரு பொரியல், ஒரு குழம்பு தேறும். இலை நரம்பு மட்டும் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் யோசிக்காமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ், மருந்து கிடையாது. பக்கத்துச் செடியையாவது காப்பாற்றலாம்.

தக்காளி ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. முதல் வருஷம் ஒரு நர்சரியில் நாட்டுத் தக்காளி என்று கேட்டு வாங்கிய பத்து நாற்றும் கெட்டித்தோல் ரகமாகப் போயிற்று, அதிலும் பாதி காய்ப்பதற்குள் வாடி விழுந்தது. இப்போது சந்தையில் நல்ல நாட்டுத் தக்காளி கிடைத்தால் ஒன்றைக் கனியவிட்டு, விதையைப் பிழிந்து இரண்டு நாள் அப்படியே புளிக்கவிட்டு, கழுவி நிழலில் காயவைத்து எடுத்துக்கொள்கிறேன். முதல் வருஷம் முடியட்டும், அடுத்த வருஷம் நானே உங்களுக்கு விதை தருகிறேன். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் பக்கம் போகவே வேண்டாம். அவை கொடைக்கானலிலும் நீலகிரியிலும் குளிரில் வளர்கிறவை, பாளையங்கோட்டை மொட்டை மாடி அவற்றுக்கு இடமில்லை. முருங்கைக்கு நிலம் வேண்டும். 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கை ஆறு மாதத்திலேயே காய்க்கத் தொடங்கும், ஆனால் அதற்கும் தொட்டி போதாது. என் வீட்டு மரம் இருக்கும்வரை உங்களுக்குக் கீரைக்குக் குறைவில்லை.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது காரணத்தோடு சொன்னதுதான். ஆடியில் விதைத்தால் வெயில் தணிந்துகொண்டே வரும், ஐப்பசி மழைக்குள் செடி நிமிர்ந்துவிடும். நீங்கள் இப்போதே தொடங்கலாம், ஆனால் பங்குனி, சித்திரையில் கீரைத் தொட்டிக்கு மேல் நிழல்வலை கட்டியாக வேண்டும். கொத்தமல்லியைப் புரட்டாசிக்கு முன்னால் தொடாதீர்கள். அந்த வெயிலில் இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடும்.

இனிச் சந்தை. பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு மகாராஜநகர் உழவர் சந்தைதான் என் முதல் சிபாரிசு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணாநகரில் 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. ஆந்திராவில் அதே வருஷம் தொடங்கிய ரைத்து பஜாரைப் பார்த்து வந்த ஏற்பாடு அது. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் கடை போடலாம், கடைக்கு வாடகை கிடையாது, தராசை நிர்வாகமே கொடுக்கும். அன்றைய விலை வாசலில் பலகையில் இருக்கும். அது மொத்த விலைக்குச் சற்று மேலேயும் வெளிச் சில்லறை விலைக்குக் கீழேயும் இருக்கும்படி வைப்பார்கள். விலை குறைவு என்பது நல்ல விஷயம்தான். ஆனால் நான் அங்கே போவதற்கு முக்கியக் காரணம், “எப்போ பறிச்சது?” என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார் என்பதுதான். “நேத்துச் சாயங்காலம் ஒடிச்சதும்மா” என்று சொல்வார்கள். விளைவித்தவர் கையிலிருந்து வாங்குகிறபோது அந்த ஒரு வரி கிடைக்கிறது. டவுன் நயினார்குளம் மொத்தச் சந்தையிலோ பாவூர்சத்திரம் சந்தையிலோ ஏலத்தில் போகிற மூட்டைக்கு அந்தப் பதில் கிடைக்காது. கல்யாணம், கோயில் சமையல் என்று மூட்டைக்கணக்கில் வேண்டுமானால் அங்கே போங்கள்.

ஆறு மணிக்குப் போய்விடுங்கள், ஏழரைக்குள் திரும்பிவிடுங்கள். முதல் சுற்றில் பையைத் திறக்காதீர்கள். வெறுமனே ஒரு நடை நடந்து என்ன குவிந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லாக் கடையிலும் ஒரே காய் குவிந்திருந்தால் அதற்கு இதுதான் பருவம், விலையும் இறங்கியிருக்கும், ருசியும் ஏறியிருக்கும். அன்றைய சமையல் அந்த நடையில்தான் முடிவாகும். என்ன சமைப்பது என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனால், பருவம் தப்பிய காயைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டு வருவோம்.

பொறுக்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். கத்திரிக்காயிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது அதில்தான். காயைப் பார்க்கும் முன் காம்பைப் பாருங்கள். காம்பும் மேல்தொப்பியும் பச்சையாக, காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தொப்பி வெளுத்து ஓரம் சுருண்டிருந்தால் தோல் எவ்வளவு மினுமினுத்தாலும் பழசுதான். நாட்டுக் கத்திரியில் காம்பு முள் கையில் குத்தினால் சந்தோஷப்படுங்கள். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பிறகு விரலால் மெல்ல அழுத்துங்கள், குழி விழுந்து உடனே மேலெழ வேண்டும். ஒரே அளவில் இரண்டு காய் இருந்தால் கனம் குறைந்ததை எடுங்கள், கனத்தது பெரும்பாலும் விதை கட்டியது. ஊசிமுனை அளவு துளை இருந்தால் உள்ளே புழு இருக்கும். துளையே இல்லாத காயை எடுங்கள், ஆனால் ஒரு கூடையில் ஒன்றிரண்டு சொத்தை கிடந்தால் அந்தக் கடையைத் தள்ளிவிடாதீர்கள். மருந்து குறைவாக அடித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதை விற்கிறவர்கள் விரும்புவதில்லை, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒடித்ததை யார் வாங்குவார்கள்? நீளம் விரலுக்கு மேல் போகாமல், மேலே மெல்லிய சுணை இருந்தால் பிஞ்சுதான். சுரைக்காய், பீர்க்கங்காய்க்கும் அந்தச் சுணையே சாட்சி. நகத்தால் குத்த வேண்டியதில்லை. சுரைக்காயில் இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கசக்கிற சுரைக்காய் உடம்பைக் கடுமையாகப் பாதிக்கும், அதன் சாற்றைக் குடித்து உயிர் போனவர்களும் உண்டு. புடலங்காய், வெள்ளரிக்காய்க்கும் இதே பழக்கம் நல்லது. முருங்கைக்காயை இரண்டு கையால் லேசாக முறுக்குங்கள், வளைந்து கொடுத்தால் சதை இருக்கிறது. விறைப்பாக நின்று விதை புடைத்திருந்தால் நார்தான். உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்ததை எடுக்காதீர்கள். தேங்காயைக் காதருகே ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேளுங்கள், கண் ஈரமாக இருந்தால் வேண்டாம்.

தக்காளி விலையைப் பற்றி மதினி அன்றைக்கு வருத்தப்பட்டார். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மழையோ வெயிலோ கொஞ்சம் தப்பினாலும் தக்காளிதான் முதலில் ஏறும். தக்காளி நம் சமையலுக்குப் பிந்தி வந்த காய் என்பதை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். புளிப்புக்கு நம்மிடம் புளி இருக்கிறது, சித்திரையில் மாங்காய் இருக்கிறது, மற்ற மாதத்துக்கு மாங்காய் வத்தல் இருக்கிறது, எலுமிச்சை, நெல்லிக்காய், புளிச்சகீரை, புளித்த மோர் எல்லாம் இருக்கின்றன. தக்காளி விலை ஏறிய மாதங்களில் எங்கள் வீட்டில் மோர்க்குழம்பும் எலுமிச்சை ரசமும் அடிக்கடி வரும், யாரும் குறை சொன்னதில்லை. ரசத்துக்குத் தக்காளி வாங்குவதானால் தோல் மெல்லிய நாட்டுத் தக்காளி வாங்குங்கள். பெங்களூர்த் தக்காளி தொலைதூரம் போவதற்காக வந்த கெட்டித்தோல் ரகம், தொக்குக்கும் கிரேவிக்கும் அது பரவாயில்லை.

வாங்கி வந்ததை வைப்பதில் எல்லோரும் செய்கிற தப்பு, எல்லாவற்றையும் கழுவி ஃபிரிட்ஜில் அடைப்பது. வீட்டு ஃபிரிட்ஜ் நாலைந்து டிகிரிக் குளிரில் இருக்கும். கத்திரிக்காய், வெண்டைக்காய், வெள்ளரிக்காய் எல்லாம் வெயில் நாட்டுக் காய்கள், பத்து டிகிரிக்குக் கீழே போனாலே அவை அடிபடும். கத்திரிக்காயை இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்து நறுக்கினால் விதைப்பக்கம் கறுத்திருப்பது அதனால்தான். இவற்றை ஈரத் துணியில் சுற்றி, காற்றோட்டமான நிழலில் வைத்து மறுநாளுக்குள் சமைத்துவிடுவது உத்தமம். தக்காளியும் வெளியிலேயே இருக்கட்டும், குளிரில் அதன் வாசம் செத்துவிடும். கேரட், முட்டைக்கோஸ் குளிர் தாங்கும். மல்லி இலை, புதினாவைக் கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும். வாழைப்பழத்தையும் கீரையையும் ஒரே கூடையில் போடாதீர்கள், பழம் விடுகிற வாயுவில் கீரை மஞ்சளாகும். முருங்கைக்கீரையைத் துணியில் கட்டி ராத்திரி வைத்தால் காலையில் இலை தானாக உதிரும் என்று மதினி சொன்னது உண்மைதான், உருவுகிற வேலை மிச்சம். ஆனால் அந்த ராத்திரியில் கீரை தன் வாசத்தையும் கொஞ்சம் உதிர்த்துவிடுகிறது. எனக்கு உட்கார்ந்து உருவுவதுதான் பிடிக்கும், பேச ஆள் இருந்தால் இன்னும் பிடிக்கும்.

மாதக்கணக்குச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது மிளகாய் வத்தலும் புளியும் மாசி, பங்குனியில் வரும். அப்போது வருஷத்துக்கு வாங்கி, சித்திரை வெயிலில் நாலு நாள் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள். புளியைக் கொட்டை, நார் எடுத்துக் கல் உப்பு தூவிப் பானையில் அமுக்கி வைத்தால் கெடாது. உள்ளி வாங்கும்போது கழுத்து காய்ந்து சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய உள்ளி விலை கூட, ஆனால் இரண்டு மாதம் நிற்கும். புது உள்ளி மலிவு, பத்து நாளில் அழுக ஆரம்பிக்கும். உருளைக்கிழங்கையும் உள்ளியையும் தனித்தனியாக வையுங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் எந்தக் கணக்கும் பார்ப்பதில்லை. மார்கழி கடைசியில் சிறுகிழங்கு வரும். சென்னையில் நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். மண்ணோடு, கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சை அளவு வரைக்கும் இருக்கும், உரிப்பதற்குள் விரல் கறுத்துவிடும். கத்தியால் சீவினால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். தண்ணீரில் ஊறவைத்துச் சாக்கில் போட்டுத் தரையில் லேசாக அடித்துத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். பிறகு வேகவைத்து, உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் புரட்டினால் அந்த மண்வாசத்துக்கு ஈடாக நான் இதுவரை ஒன்றும் சாப்பிட்டதில்லை. பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாத இலை திருநெல்வேலிக்காரர்களுக்கு நிறையாது. அந்த மாதத்தில்தான் மொச்சையும் அவரையும் சேனையும் சேம்பும் எல்லாம் சேர்ந்து வரும். அவரை குளிர்காலத்தில், பகல் குறுகும்போதுதான் பூக்கும், அதனால் தையில் வாங்கும் அவரைக்காய் வேறு, ஆனியில் கிடைப்பது வேறு. சேனை நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், புளித்தண்ணீரில் வேகவைத்தால் தொண்டை அரிக்காது.

இத்தனைக்குப் பிறகும் வெள்ளி சாயங்காலம் கூடையில் ஒரு கத்திரிக்காய், அரை முருங்கைக்காய், நாலு சீனியவரைக்காய், ஒரு வாழைக்காய் என்று ஒன்றுக்கும் ஆகாமல் மிஞ்சும். அதற்குத்தான் எங்கள் ஊரில் கூட்டாஞ்சோறு இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் செய்து பாருங்கள். அரை டம்ளர் துவரம்பருப்பை மஞ்சள்தூள் போட்டு முக்கால் பதம் வேகவிடுங்கள். அதிலேயே இரண்டு டம்ளர் அரிசியைக் களைந்து போட்டு, வாழைக்காய், முருங்கைக்காய், சீனியவரைக்காய் மாதிரி மெல்ல வேகிறவற்றை முதலில் சேருங்கள், கத்திரிக்காயும் மாங்காயும் பிறகு போதும். அரை மூடித் தேங்காய், ஆறு வத்தல், ஒரு கரண்டி சீரகம், ஐந்தாறு உள்ளி, மூன்று பல் பூண்டு வைத்துக் கரகரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். புளிக்கரைசலை அரிசியும் காயும் முக்கால்வாசி வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும்; புளி விழுந்துவிட்டால் அதற்கப்புறம் எதுவும் சீக்கிரம் வேகாது. புளித்தண்ணீரோடு சேர்த்து மொத்தம் ஏழு டம்ளர் தண்ணீர் பிடிக்கும், சோறு கொஞ்சம் இளக்கமாகவே இருக்கட்டும். அரைப்பைப் போட்டு ஒரு கொதி வந்ததும் உருவிய முருங்கைக்கீரையை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கிளறி, மூன்று நிமிஷத்தில் இறக்கிவிடுங்கள். நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் வெங்காய வடகமும் தாளித்து மேலே கொட்டுங்கள். தொட்டுக்கொள்ள அப்பளம் போதும்.

கீரைக்குச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் வந்துவிடுங்கள், மரத்திலிருந்து ஒடித்துத் தருகிறேன். வரும்போது அரைக்கீரை விதைக்கு ஒரு சின்ன டப்பா கொண்டுவாருங்கள். மறுநாள் ஆறு மணிக்கு நானும் மதினியும் உழவர் சந்தை வாசலில் நிற்போம், இரண்டு துணிப்பை மறக்க வேண்டாம்.